பூங்காவனம் போட்ட இரண்டு முடிச்சு

முடிச்சுப் போட்டாள்தான். இல்லை என்று நான் எப்போது சொன்னேன்? மாங்காட்டு அம்மன் கோயில் வேப்பமரத்தில், மஞ்சள் துணியைக் கிழித்து, இரண்டு ஆண்பிள்ளைகளின் பெயரை வாய்விட்டுச் சொல்லி, இரண்டு முடிச்சுப் போட்டாள். கூடப் போனவள் நான். என் கண்ணால் பார்த்தேன். ஆனால் எதற்காகப் போட்டாள் என்று எங்கள் ஊர் சேக்காட்டில் ஒருவரும் அவளைக் கேட்கவில்லை. கேட்காமலே பதிலும் சொல்லிக்கொண்டார்கள். ஜெயித்தவனோடு ஓடிப்போனாள் என்று பாதித் தெரு சொன்னது. இல்லை, தோற்றவனோடுதான் என்று மீதித் தெரு சொன்னது. இன்றைக்கும் குழாயடியில் அந்தப் பேச்சு எழுந்தால் அப்படித்தான் எழுகிறது.

பூங்காவனம் ஒருவனோடும் போகவில்லை. அம்பத்தூரில் ஓர் ஓலைக்குடிசையில் தனியாக இருந்தாள். ஜப்பான் சண்டை முடிகிற வரைக்கும் ஆவடி கேம்ப்புக்கு நடந்தே வேலைக்குப் போய் வந்தாள். பிறகு ஆப்பம் சுட்டு விற்றாள். தன் கையால் சம்பாதித்துத் தின்று, ஒருவர் வாசலிலும் நிற்காமல் போய்ச் சேர்ந்தாள். அவளைக் கடைசியாகக் குளிப்பாட்டினவள் நான். எனக்குத் தெரியாதது இந்தக் குழாயடிக்குத் தெரியுமா? நான் சொல்கிறேன், ஒன்றும் விடாமல் எழுதிக்கொள்ளுங்கள்.

ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பட்டணமே காலியாகி ஓடியது ஒரு வருஷம். அதற்குப் பிறகுதான் ஆவடியில் பெரிய பட்டாளக் கேம்ப்பு வந்தது. நெல் விளைந்த இடத்தில் தகரக் கொட்டகை எழும்பிற்று. அப்படிப் போன நிலத்தில் கோதண்டத்தின் நிலமும் உண்டு. கோதண்டம் பூங்காவனத்துக்கு அண்ணன். அவளைத் திருமழிசையில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். புருஷன் வாந்திபேதியில் போய்விட்டான். பிள்ளை இல்லை. அண்ணன் வீட்டுக்குத் திரும்பி வந்தபோது அவளுக்கு இருபது வயதுகூட இருக்காது.

நிலத்தைப் பிடுங்கினவனிடம் கூலிக்குப் போக மாட்டேன் என்று கோதண்டம் இருந்துவிட்டார். ரோஷக்காரர். ஆனால் அடுப்புக்கு ரோஷம் தெரியாதே. அவர் பெண்சாதி அன்னம்மாள்தான் நாத்தனாரைக் கேம்ப்பு வேலைக்கு அனுப்பினாள். கூலி வந்த நாளெல்லாம் அந்த வீட்டில் யாரும் தெருப்பேச்சுக்குக் காது கொடுக்கவில்லை. அதையும் எழுதுங்கள்.

கேம்ப்பில் துரைகள் டென்னிஸ் ஆட ஒரு கோர்ட்டு போட்டார்கள். செம்மண் கொட்டி, திமிசு போட்டு இடித்து, மேலே சாணம் மெழுகின தரை. வெள்ளைக்காரன் ஆட்டம் என்றாலும் தரை என்னவோ நம் வீட்டுத் தரைதான். தினமும் விடியலில் சாணம் கரைத்து மெழுக மூன்று பேர். நான், அங்கம்மா, பூங்காவனம். சாயங்காலம் ஆடும்போது எங்காவது தரை பெயர்ந்தால் ஓடிப்போய்ப் பூச வேண்டும் என்று கயிற்றுக்கு வெளியே எங்களை உட்கார வைத்திருந்தார்கள். ஊருக்குள் என் தெரு வேறு, அவள் தெரு வேறு. அவள் வீட்டு வாசற்படியை நான் மிதித்தவள் இல்லை. கேம்ப்பில் சாணக்கூடைக்கு ஒரு பக்கம் அவள் கை, மறுபக்கம் என் கை. அதுவும் தெருவுக்குப் பிடிக்கவில்லை.

சும்மா உட்கார்ந்திருப்பவளுக்கு எதிரே ஓர் ஆட்டம் நடந்தால் கண் எத்தனை நாள் வேறு பக்கம் பார்க்கும்? முதலில் எண்ணிக்கை பிடிபடவில்லை. பதினைந்து என்கிறார்கள், முப்பது என்கிறார்கள், அப்புறம் நாற்பது.

"நாப்பதுக்கு அப்பால இன்னாடி?" என்று அங்கம்மா கேட்டாள்.

"நாப்பதுக்கு அப்பால இன்னா கீது, ஊட்டுக்குப் போவ வேண்டியதுதான்" என்றாள் பூங்காவனம்.

பிறகு எல்லாம் பிடிபட்டது. துரைகள் ஆடுவது எங்களுக்கு அலுத்தும் போயிற்று. துரைகள் போன பிறகு, வெளிச்சம் மங்குவதற்குள் ஆடிக்கொள்ளட்டும் என்று இரண்டு பேரை விட்டிருந்தார்கள். அவர்கள் ஆட்டத்துக்காகத்தான் நாங்கள் வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்திருப்போம்.

ஒருவர் ஜானகிராமன், சாமான் டிப்போவில் குமாஸ்தா. ஒல்லியாக, கொக்கு மாதிரி நிற்பார். ஓடவே மாட்டார். ஆள் இல்லாத இடமாகப் பார்த்துப் பந்தை அனுப்புவார். இன்னொருவர் மணவாளன், மோட்டார் பட்டறையில் பிட்டர். முரட்டு அடி. சப்பாத்து போட்டால் தரை பெயரும் என்று வெறுங்காலோடு ஆடுவார். அதற்காகவே நான் அவர் பக்கம். அங்கம்மா ஜானகிராமன் பக்கம்.

"உன் ஆளு பந்தை அடிக்கிறாரா, பாம்பை அடிக்கிறாரா?" என்பாள் அங்கம்மா.

"உன் ஆளு ஆட வந்தாரா, கணக்கு எழுத வந்தாரா?" என்பேன் நான்.

பூங்காவனம் எந்தப் பக்கமும் சேர மாட்டாள். "ஒருத்தரு பந்தை அடிக்கிறாரு, ஒருத்தரு பந்தை வெக்கிறாரு. ரெண்டும் வேணும்டி. ஒண்ணு இல்லேன்னா இன்னொண்ணு ருசிக்காது" என்பாள். அவர்கள் இருவரிடமும் அவள் ஒரு வார்த்தை பேசினது கிடையாது. அவர்களுக்கு அவள் பெயர் தெரியுமா என்பதே சந்தேகம்.

கேம்ப்பில் வருஷா வருஷம் ஒரு கப்புக்கு ஆட்டம் நடக்கும், துரைகளுக்குள். அந்த வருஷம்தான் குமாஸ்தாவும் பிட்டரும் பெயர் கொடுக்கலாம் என்று விட்டார்கள். எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் ஆசை இதுதான்: இரண்டு பேரும் இரண்டு பக்கமாகத் துரைகளைத் தள்ளிக்கொண்டே வந்து, கடைசி ஆட்டத்தில் ஒருவரையொருவர் பார்க்க வேண்டும். அப்போது யார் ஜெயித்தாலும் கப்பு நம் பக்கம். அதற்காகத்தான் வெள்ளிக்கிழமை மாங்காட்டுக்கு நடந்தோம். அதற்காகத்தான் பூங்காவனம் முடிச்சுப் போட்டாள். போடும்போது பெயரைச் சத்தமாகச் சொன்னால்தான் அம்மன் காதில் விழும் என்பது நம்பிக்கை. "ஜானகிராமன் ஜெயிக்கணும்." ஒரு முடிச்சு. "மணவாளன் ஜெயிக்கணும்." இன்னொரு முடிச்சு. அம்மன் காதில் விழுந்ததோ இல்லையோ, பின்னால் நின்றிருந்த நாகம்மாள் காதில் விழுந்துவிட்டது. நாகம்மாள் கோதண்டத்துக்கு அடுத்த வீடு. அப்போது நாங்கள் அவளைக் கவனிக்கவில்லை.

யாரோடு யார் ஆடுவது என்று சீட்டுப் போட்டுத்தான் எடுப்பார்கள். கோர்ட்டு ஓரத்தில் மேஜை போட்டு, ஒரு துரையின் தொப்பியைக் கவிழ்த்து வைத்து, சீட்டுகளை அதில் போட்டார்கள். ஒரு துரைசானி முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்தாள். பியூன் வரதன் எங்களுக்காகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தான். கேப்டன், மேஜர் என்று வாயில் நுழையாத பெயர்களாக வந்தன. பிறகு "நம்ப ஜானகிராமன்" என்றான். அங்கம்மா என் தொடையைக் கிள்ளினாள். அடுத்த சீட்டு வந்தது. வரதன் எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"யாருடா?" என்றேன்.

"நம்ப மணவாளன்தான் சொர்ணம்" என்றான். "மொத ஆட்டமே இவங்க ரெண்டு பேரும்தான். ஞாயித்துக்கிழமை."

இரண்டு பேரில் ஒருவர் துரைகளோடு மோதுவதற்கு முன்னாலேயே வெளியே போக வேண்டும். துரைசானி வேண்டுமென்றே செய்தாள் என்று அங்கம்மா சொன்னாள். அது அநியாயம். அவள் சீட்டைப் பார்க்கவே இல்லை. யாரையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் விடியலில் சாணம் மெழுகும்போது சண்டை மூண்டது.

"மாங்காட்டுக்குப் போய் மணவாளன் முடிச்சை அவுத்துடு" என்றாள் அங்கம்மா. "ரெண்டு பேரையும் எப்டி ஜெயிக்க வெப்பா அம்மன்? அவளுக்கே கொழப்பம்."

"எதுக்கு? ஜானகிராமன் முடிச்சை அவுக்கட்டுமே" என்றேன்.

பூங்காவனம் நிமிரவில்லை. கை சாணத்தில் வட்டம் போட்டுக்கொண்டே இருந்தது. "நடந்தா அவுக்கணும். நடக்கறதுக்கு முன்னாடி அவுத்தா, குடுத்த வரத்தை நாமளே புடுங்கற மாதிரி. யாரு பேருல முடிஞ்சோமோ அவங்களுக்கு ஆவாது. நான் ரெண்டையும் தொட மாட்டேன்."

"அப்ப ஒருத்தரு தோப்பாரே, அதுக்கு இன்னா சொல்லுவே?" என்றாள் அங்கம்மா.

"எப்ப ஜெயிக்கணும்னு நான் நாள் குறிச்சா வேண்டிக்கினேன்? இந்த வருசம் ஒருத்தரு ஜெயிக்கட்டும், இன்னொரு முடிச்சு மரத்துலயே கெடக்கட்டும்."

பூங்காவனமே மேலும் சொன்னாள். "ஆனா ஞாயித்துக்கிழமை நான் அங்க இருக்கணும். நீ உன் ஆளுக்குக் கத்துவே, இவ இவ ஆளுக்குக் கத்துவா. ஒருத்தரு தோத்துட்டு வெளிய வரும்போது எல்லாரும் ஜெயிச்சவரு பின்னாடி போயிடுவீங்க. ரெண்டு பேருக்கும் வேண்டிக்கினவ நான். நான் பாதியில ஊட்டுக்குப் போவ முடியாது, வராமலும் இருக்க முடியாது."

யார் ஜெயித்தார் என்று கேட்கத் துடிப்பீர்கள். ஜானகிராமன். மணவாளனுக்காகக் கத்தின எனக்கு இதைச் சொல்ல இன்றைக்கும் வாய் வரவில்லை. அடுத்த ஆட்டத்தில் ஒரு கேப்டனிடம் ஜானகிராமனும் தோற்றுப்போனார். போகட்டும். நான் சொல்ல வந்தது அதுவல்ல.

அந்த வாரத்துக்குள் நாகம்மாள் தெருவை ஒரு சுற்றுச் சுற்றி முடித்திருந்தாள். தாலி அறுத்தவள் மஞ்சள் துணியைத் தொட்டாள். ஒருவன் போதாதென்று இரண்டு பேருக்கு முடிந்தாள். குளத்துக்குப் போனால் பேச்சு, கடைக்குப் போனால் பேச்சு. கோதண்டம் சனிக்கிழமை முழுக்கச் சாப்பிடவில்லை என்று கேள்வி.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவளைக் கூப்பிடப் போனேன். அவர்கள் தெருவில் எதிர்ப்புறம் ஒரு புங்கமரம் இருந்தது, அதன் அடியில் நின்றேன். கதவு திறந்தே இருந்தது. உள்ளே பேசுவதெல்லாம் கேட்டது.

கோதண்டம் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"ரெண்டு பேர்ல யாருன்னு சொல்லு" என்றார். "நானே போய்ப் பேசறேன். அறுத்துட்டவளுக்கு மறுபடி கட்டி வெச்சான்னு ஊரு காறித் துப்பட்டும், பரவால்ல. நீ சின்னப் பொண்ணு. ஒருத்தன் பேரைச் சொல்லு போதும்."

அந்தக் காலத்தில் எந்த அண்ணன் அப்படிக் கேட்பான்? அதை நான் மறைக்க மாட்டேன்.

"அண்ணாத்தே, எனுக்குப் புடிச்சது ஆட்டம்" என்றாள் பூங்காவனம். "ரெண்டு பேரு ஆட்டமும் புடிச்சிருக்கு. ஆளை வெச்சிகினு நான் இன்னா பண்றது?"

"ஆட்டமா?"

"ஆட்டம்தான்."

"இதை வெளிய சொன்னா நம்புவாங்களா? நானே நம்பல."

"பொம்பளைக்கு இன்னாத்துக்கு ஆட்டம்?" என்றாள் அன்னம்மாள். "ஒருத்தன் மேல ஆசைன்னு சொல்லு, புரியுது. அதுக்கு ஒரு வழி கீது. பந்து மேல ஆசைன்னா அதுக்கு நாங்க எங்க போறது?"

கோதண்டம் எழுந்து வந்து நிலைப்படியில் ஒரு கையை வைத்தார். "சரி, கேட்டுக்கோ. இன்னிக்கு மாங்காட்டுக்குப் போய் ரெண்டு முடிச்சையும் அவுத்துட்டு வா. நாகம்மாவை நானே கூட அனுப்பறேன், அவ கண்ணால பார்த்துட்டு வந்து சொல்லட்டும். கேம்ப்புக்கு இனிமே போவக் கூடாது. இது முடியாதுன்னா, இந்தப் படியைத் தாண்டின அப்பால இந்த ஊடு உனுக்கு இல்ல."

"அவுத்தா அவங்க ரெண்டு பேருக்கும் ஆவாது அண்ணாத்தே. ஊரு வாய்க்குப் பயந்துகினு அடுத்தவங்களுக்குக் கெடுதி பண்ண மாட்டேன்."

"அவனுங்க யாரு உனுக்கு?"

"யாரும் இல்ல. அதுக்காவ கெடுதி பண்ணலாமா?"

பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது. இன்னொரு புடவை இருந்தது அவளுக்கு, அதைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தாள். அவள் கோபமாக இல்லை, அழவும் இல்லை. சந்தைக்கு நேரமாகிவிட்டவள் மாதிரி இருந்தாள்.

"அண்ணி, அரிசி ஊற வெச்சிருக்கேன், பானையில கீது. சாயங்காலம் ஆட்டிடு. விட்டா புளிச்சிடும்."

"நீயே வந்து ஆட்டேன்" என்றாள் அன்னம்மாள். அவள் குரல்தான் உடைந்தது.

நிலையில் இருந்த கையைக் கோதண்டம் எடுக்கவில்லை. பூங்காவனம் அந்தக் கைக்கு அடியில் குனிந்து வெளியே வந்தாள். அடுத்த வீட்டில் நாகம்மாள் முறத்தை வைத்துக்கொண்டு புடைக்காமல் நின்றிருந்தாள். தெருவில் இன்னும் பல பேர். ஒருவரையும் பூங்காவனம் திரும்பிப் பார்க்கவில்லை. நேராகப் புங்கமரத்தடிக்கு வந்தாள்.

"ஆரம்பிச்சுட்டாங்களா?"

"இன்னும் இல்ல" என்றேன். "தரைக்குத் தண்ணி தெளிச்சிகினு கீறாங்க."

"அப்ப நட" என்றாள். ரயில் கேட்டுப் பக்கமாக எனக்கு முன்னால் போனாள். அவளை எட்டிப் பிடிக்க நான்தான் ஓட வேண்டியிருந்தது.