அத்தானுக்குப் பின் சீட்

அடுத்த மாதம் வேல்ஸில ஒரு கிராமத்தில நேர்ஸ் வேலை தொடங்கிறன். அங்க நான் இருக்கப்போற வீட்டுக்குப் போற கடைசி ரெண்டு மைலும் கல்லும் சேறும்தான். உயரமான கார் பாக்கப்போறன் எண்டு சொல்ல, அக்காவின்ர மனிசன் தானும் வாறன் எண்டு வெளிக்கிட்டார்.

இண்டைக்கு லண்டன் கோலியர்ஸ் வுட் கார்க் கடையில, நான் வாய் திறக்க முதல் அத்தான் சொல்லுறார்:

"இவவுக்கு உந்தச் சின்னக் கார் காணும், பெரிசு தேவையில்லை. ரோட்டெண்டா எல்லாம் ரோட்டுத்தானே."

விக்கிறவரும் அவரைப் பாத்துத்தான் தலையாட்டினார்.

சரி, அந்தச் சின்னக் காரையே ஓடிப் பாக்கிறன் எண்டன். விக்கிறவர் முன்னுக்கு, அத்தான் பின்னுக்கு. கடைக்குப் பின்னால இருக்கிற மண்பாதையில விட்டன்.

மூண்டாவது குழியில அத்தானின்ர தலை கார்க் கூரையில இடிச்சுது.

"மெதுவாப் பிள்ளை."

"ரோட்டெண்டா எல்லாம் ரோட்டுத்தானே அத்தான்."

திரும்பி வர நல்ல ரோட்டும் இருந்தது. நான் அதே பாதையாலதான் வந்தன்.

பிறகு உயரமான காருக்குக் கையெழுத்து வைச்சன். அத்தான் கழுத்தைத் தடவிக்கொண்டு நிண்டார்.

கார் வாங்க இருக்கிற ஆக்கள் கீழ கொமன்ட்டில சொல்லுங்கோ. ஆலோசனைக்கு அத்தானை அனுப்பிவிடுறன். பின் சீட்டில இருத்தினாக் காணும்.