மெரியாவின் பிழைகள்

தாமரைச்செல்விக்கு எழுத்துப்பிழை என்றால் ஆகாது. புதுச்சேரி புஸ்ஸி வீதியில் ஒரு மொழிபெயர்ப்பு அலுவலகத்தில் பதினெட்டு வருஷமாகத் தட்டச்சு செய்கிறாள். பிரெஞ்சுக் குடியுரிமை வைத்திருக்கிற குடும்பங்கள் பிறப்பு, கல்யாணம், சாவு என்று எதற்குக் காகிதம் வேண்டுமென்றாலும் அங்கே வருவார்கள். பேரில் ஒரு கொம்பு மாறினாலும் பாரீசில் யாருக்கோ பென்ஷன் நின்றுவிடும் என்று முதலாளி முதல் நாளே சொல்லிவைத்தார். அவள் கைபட்ட காகிதம் ஒன்றுகூடப் பிழை என்று திரும்பி வந்ததில்லை. அதை யாரும் பாராட்டியதும் இல்லை. சரியாக இருப்பதை யார் பார்க்கிறார்கள்?

நாற்பத்தொரு வயசு. கல்யாணம் தள்ளித் தள்ளிப் போய், ஒரு கட்டத்தில் வீட்டில் அந்தப் பேச்சே எழாமல் போயிற்று. முத்தியால்பேட்டையில் அண்ணன் வீட்டு மாடியில் ஓர் அறை, ஒரு மேசை, ஒரு லேப்டாப். அந்த லேப்டாப்புக்குள்தான் அவளுக்கு ஒரு கோட்டை இருந்தது.

ஊரடங்கு காலத்தில் அலுவலகம் மூடிக் கிடந்தபோது பொழுது போகாமல் ஒரு மாயலோக விளையாட்டை இறக்கிக்கொண்டாள். அரக்கர்கள், பறவைக் கப்பல்கள், மந்திர வாட்கள். உலகம் முழுக்க ஆட்கள் ஆடுகிற ஆட்டம். தமிழர்களும் நிறைய இருந்தார்கள். ஆனால் அவர்கள் பேசியதெல்லாம் "டேய் அட்றா, வுடாத" என்பதோடு சரி. இவ்வளவு பெரிய மாயலோகத்துக்குள் வந்து நின்றுகொண்டு, பஸ் ஸ்டாண்டில் பேசுவதையே பேசுகிறார்களே என்று அவளுக்கு ஆற்றாமையாக இருந்தது. கடலூரில் செல்போன் பழுது பார்க்கும் வெற்றிச்செல்வன் என்ற இளைஞனும் அதையே நினைத்திருந்தான். இருவரும் சேர்ந்து ஒரு குழு தொடங்கினார்கள். பேர் நெய்தல் கோட்டை.

கோட்டைக்கு நெறிகள் எழுதியவள் தாமரைச்செல்வி. மொத்தம் பதினான்கு. குழுவின் அரட்டைத் திரையான அவைக்குள் நுழைந்தால் அவரவர் பாத்திரமாக மட்டுமே பேச வேண்டும். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஓர் ஊர், ஒரு தொழில், ஒரு குறை இருக்க வேண்டும். அடுத்தவருடைய பாத்திரத்தின் கையைக்கூட நீங்கள் அசைத்து எழுதக் கூடாது. ஒன்பதாவது நெறி இன்னும் கண்டிப்பானது: யாருடைய வெளிவாழ்க்கையையும் அவைக்குள் இழுக்கக் கூடாது. மீறினால் மூன்று ஞாயிறு கோட்டை வாசலுக்கு வெளியே வழிப்போக்கனாக, வாய் பேசாமல் நிற்க வேண்டும்.

ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு அவை கூடும். சிங்கப்பூரிலிருந்தும் துபாயிலிருந்தும் கனடாவிலிருந்தும் முப்பது நாற்பது பேர் வருவார்கள். அவள் அங்கே நாச்சியார், கோட்டைத் தலைவி. அவள் பேசி முடித்ததும் அவையோர் பூத்தூவுவார்கள். பிடித்த பேச்சுக்கு ஒரு பொத்தானை அழுத்தினால் திரையில் ஒரு பூ விழும். நாலு வருஷம் அந்தப் பூவெல்லாம் பெரும்பாலும் நாச்சியாருக்கே விழுந்தன. ஞாயிற்றுக்கிழமை விழுந்த பூவின் ஈரம் அவளுக்குப் புதன்கிழமை வரைக்கும் போதும்.

அப்போதுதான் மெரியா வந்தாள்.

மெரியா என்பது பாத்திரத்தின் பேர். கப்பல் உடைந்து நெய்தல் கரையில் ஒதுங்கிய அயல்நாட்டு வணிகப் பெண். தமிழ் அரைகுறை. முதல் நாள் அவையில் ஒரு வீரன், "மழை நின்றுவிட்டது" என்றான். மெரியா தட்டினாள்: "எவ்வளவு நேரமாக நிற்கிறது? கால் வலிக்காதா? உட்காரச் சொல்லுங்கள்."

பதினெட்டுப் பூ விழுந்தது.

அடுத்த வாரம் காவலன் ஒருவன் தனக்குக் காய்ச்சல் அடிக்கிறது என்றான். "அடிக்கிறதா? நீங்கள் ஏன் திருப்பி அடிக்கவில்லை?" என்று கேட்டாள் மெரியா. அதற்கு அடுத்த வாரம், "எனக்குப் பசி வந்திருக்கிறது. வாசலில் நிற்க வைப்பது முறையா?" அவை உருண்டு உருண்டு சிரித்தது. அன்றைக்கு நாச்சியார் பஞ்சத்தைப் பற்றி நாற்பது வரி பேசினாள். மூன்று நாள் உட்கார்ந்து எழுதிய வரிகள். நான்கு பூ விழுந்தது. அதிலும் ஒன்று வெற்றிச்செல்வன் மரியாதைக்குப் போட்டது என்று அவளுக்குத் தெரியும்.

தாமரைச்செல்விக்கு உள்ளே ஏதோ புகையத் தொடங்கியது. ஆரம்பத்தில் அதற்கு நியாயம் என்று பேர் வைத்துக்கொண்டாள். செந்தமிழ் அவைக்குள் தமிழை இப்படிக் கொச்சைப்படுத்தலாமா? ஆனால் நெறிகளை எத்தனை தடவை புரட்டிப் பார்த்தாலும் மெரியா ஒன்றையும் மீறவில்லை. ஊர் இருந்தது, தொழில் இருந்தது, குறையும் இருந்தது. தமிழ் தெரியாததுதான் அந்தக் குறை. சொல்லப் போனால், கோட்டையில் அவளைப் போல நெறிப்படி நடந்தவர்கள் வேறு யாரும் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும்போதும் அதே நினைப்பு. பிரான்சில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் தங்கள் கையால் தமிழில் நிரப்பிக் கொடுத்த படிவங்கள் அவள் மேசையில் குவிந்திருக்கும். ஒருநாள் அவற்றைத் திருத்திக்கொண்டிருந்தபோது சட்டென்று கை நின்றது. இவர்கள் எழுதுகிற தப்பு வேறு மாதிரி. ல, ள, ழ மூன்றும் ஒன்றாகக் கிடக்கும். றவுக்கு ர, ணவுக்கு ன. மெரியா எழுதியதில் ஓர் எழுத்துகூடப் பிசகியதில்லையே? "எனக்குப் பசி" என்று நடுவில் ப் போட்டல்லவா எழுதினாள்? பசி என்றால் என்னவென்று தெரியாதவளுக்கு ஒற்று எங்கே மிகும் என்று எப்படித் தெரிந்தது?

"கள்ளி" என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். எதிரே காகிதத்துக்குக் காத்திருந்த பெரியவர் நிமிர்ந்து பார்த்தார்.

அதற்குப் பிறகு அவள் அவையை நடத்தவில்லை, மெரியாவை வேவு பார்த்தாள். வைகாசி மாசத்து ஞாயிறு ஒன்றில் மூன்று நாற்பதுக்கு முத்தியால்பேட்டையில் டிரான்ஸ்பார்மர் வெடித்துக் கரண்ட் போக, வைஃபையும் போயிற்று. நாலு இருபத்தைந்துக்கு வந்தது. அவள் மறுபடி உள்ளே போனபோது அவையில் ஒருவர் கிண்டல் செய்தார்: "தலைவியும் மெரியாவும் ஒரே நொடியில் மறைந்து ஒரே நொடியில் தோன்றுகிறீர்களே, என்ன மாயம்?" தாமரைச்செல்விக்குத் தூக்கிவாரிப் போட்டது. மறுநாள் காலையில் தெருமுனையில் கம்பத்தில் ஏறியிருந்த லைன்மேனிடம், நேற்றுக் கரண்ட் எங்கெங்கே போனது என்று கேட்டாள். இந்தப் பக்கம் மட்டும்தான், டவுனுக்குள் போகவில்லை என்றார் அவர்.

ஆக, மெரியா இந்த ஊர்க்காரி. கூப்பிடு தூரத்தில் எங்கேயோ உட்கார்ந்துகொண்டு தன் பூவையெல்லாம் அள்ளிக்கொண்டு போகிறாள்.

அண்ணி துர்கா அன்று சாப்பாடு போடும்போது கேட்டாள். "என்னா செல்வி, ஒரு வாரமா மூஞ்சியே சரியில்ல? ஆபீசுல எதுனா பிரச்சனையா?"

"ஒண்ணுமில்ல அண்ணி."

கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ஒருத்திமேல் பொறாமையாக இருக்கிறது என்று யாரிடம் சொல்ல முடியும்?

ஆனி மாசத்தில் கோட்டையின் கடல் விழா நெருங்கியது. விழாவை நாச்சியார்தான் தொடங்கிவைத்துப் பேசுவாள். நாலு வருஷமாக அதுதான் வழக்கம். இந்த வருஷம் அவையில் இருபத்தொரு பேர் சேர்ந்து ஒரு விண்ணப்பம் வைத்தார்கள்: இம்முறை மெரியா தொடங்கிவைத்தால் நன்றாக இருக்கும், தலைவி பெரிய மனது வைக்க வேண்டும்.

தலைவி மனது வைக்கவில்லை. விரல் தானாக ஓடியது. செந்தமிழ் போயிற்று, நாச்சியார் போயிற்று.

"எல்லாரும் நல்லா ஏமாறுங்க. இவ ஒண்ணும் வெளிநாட்டுக்காரி இல்ல. பாண்டிச்சேரி, முத்தியால்பேட்டை. என் வீட்டுக்குக் கரண்ட் போனா இவ வீட்டுக்கும் போவுது. நம்மள வுட நல்லாத் தமிழ் தெரிஞ்சவ. தெரியாத மாதிரி நடிச்சு உங்களையெல்லாம் பைத்தியக்காரன் ஆக்குறா."

தட்டி முடித்த பிறகுதான் தான் எழுதியதை அவளே படித்தாள்.  அதற்குள் முப்பத்துநான்கு பேர் அதைப் படித்துவிட்டிருந்தார்கள்.

பிறகு மெரியா எழுதினாள்: "தலைவி கோபமாக இருக்கிறார். நான் எதை உடைத்தேன்? சொன்னால் ஒட்டித் தருகிறேன்."

கடைசி வரைக்கும் அவள் பாத்திரத்தை விட்டு இறங்கவில்லை. துபாய்க்காரர் ஒருவர் தனிச்செய்தியில், "நடிக்கிறதுக்குத்தானக்கா எல்லாரும் வர்றோம்?" என்று அனுப்பினார். கொஞ்ச நேரத்தில் வெற்றிச்செல்வன் போன் செய்தான். அவன் பாத்திரம் கோட்டைக் காவலர் தலைவன். நெறி மீறினால் தண்டனையை அறிவிக்க வேண்டியவனும் அவன்தான்.

"அக்கா, என்னாக்கா இப்புடிப் பண்ணிட்டீங்க?"

"அவ பொய் சொல்றாடா."

"அவங்க வேஷம் கட்டுறாங்க. நீங்க எழுதுன மாதிரியேதான் கட்டுறாங்க. வெளிவாழ்க்கைய உள்ள இழுத்தது நீங்க." அவன் தயங்கினான். "ஒன்பதாம் நெறிக்கா. நான் சொல்லலன்னா நாளைக்கு யாருக்கும் சொல்ல முடியாது."

"சொல்லு" என்றாள். 

மறுநாள் அலுவலகத்தில் இருக்கும்போது தனிச்செய்தி ஒன்று வந்தது. "நீங்க கண்டுபிடிச்சது சரி. ஆனா முத்தியால்பேட்டை இல்ல, பக்கத்துல சோலை நகர். என் பேரு இவோன். சனிக்கிழமை சாயங்காலம் காபிக்கு வாங்க. திட்டணும்னா நேர்லயே திட்டிடலாம்." கீழே விலாசம்.

சமாதானத்துக்காக அவள் போகவில்லை. எப்படிப்பட்டவள் என்று ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான். தன்னைவிடச் சின்னவளாக இருப்பாள், அழகாக இருப்பாள் என்று எண்ணி எண்ணி, இருப்பதில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு போனாள்.

கதவைத் திறந்தவளுக்கு ஐம்பது வயசு இருக்கும். மூக்குக்கண்ணாடி, தலைமுடியில் பாதி நரை, கையில் சிவப்பு மசிக் கறை. ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் ஆசிரியை. மேசையில் பரீட்சைத் தாள்கள் அடுக்கியிருந்தன.

"தமிழ் டீச்சரா?" என்றாள் தாமரைச்செல்வி. இதைவிட மோசமாக வேறென்ன இருக்க முடியும்?

இவோன் சிரித்தாள். "உக்காருங்க தலைவி. நீங்க எழுதுன நெறியப் படிச்சுட்டுத்தான் நான் உள்ளயே வந்தேன். எல்லாருக்கும் ஒரு குறை வேணும்னு எழுதியிருந்தீங்க பாருங்க, அது எனக்கு ரொம்பப் புடிச்சுது. சரி, தமிழே தெரியாதவளா இருப்போம்னு பாத்தேன்."

"அந்தத் தப்பெல்லாம் எப்படி டீச்சர் தோணுது? யோசிச்சு யோசிச்சு எழுதுவீங்களா?"

"என்னோடது ஒண்ணுகூட இல்ல. எல்லாம் எங்க வீட்டுக்காரரு தப்பு." இவோன் உள்பக்கம் கையைக் காட்டினாள். "அவங்கப்பா சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்துட்டுப் பிரான்சுலயே தங்கிட்டாரு. இவரு அங்க பொறந்தவரு. கல்யாணத்துக்கு இங்க வந்தப்ப தமிழ் சுத்தமா வராது. எங்கம்மா மழை நின்னுடுச்சுன்னு சொன்னாங்க, இவரு ஓடிப்போய் நாற்காலி எடுத்தாந்தாரு. கிண்டலுக்கா, நெஜமாவான்னு இன்னி வரைக்கும் எனக்குத் தெரியல. இப்புடி எவ்வளவோ. எல்லாத்தையும் ஒரு நோட்டுல எழுதி வெச்சிருந்தேன்."

அந்த நேரத்தில் காபித் தம்ளர்களோடு இவோனின் கணவர் அந்துவான் வந்தார். "வாங்க வாங்க. டிகிரி காபி இல்ல, திட்டாதீங்க. பால்காரன் தண்ணிய ஊத்திட்டுப் பால்னு சொல்லிட்டுப் போறான், இன்னிக்குக் காலையில புடிச்சு நாலு கேள்வி கேட்டேன்" என்றார். சோலை நகரிலேயே பிறந்தவர் மாதிரி பேசினார்.

அவர் உள்ளே போனதும் இவோன் மெதுவாகச் சொன்னாள். "பாத்தீங்களா? இருபத்தி ரெண்டு வருஷத்துல எல்லாம் சரியாயிடுச்சு. நான்தான் கத்துக்குடுத்தேன். இப்ப ஒரு தப்புகூட வர மாட்டேங்குது. எனக்கு அந்தப் பழைய ஆளு ஞாபகமாவே இருந்துது. அதான் மெரியா."

தாமரைச்செல்வி காபியைக் குடித்தாள். வந்தபோது இருந்த கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. ஆனால் பொறாமை போகவில்லை. வந்ததைவிட இரண்டு மடங்காக அவளுக்குள் உட்கார்ந்திருந்தது. இத்தனை நாள் பூவுக்காக எரிந்தாள். இப்போது, எழுதி வைத்துக்கொள்ளும் அளவுக்குப் பிழை பேசும் ஒருவர் அருகில் இருந்த அந்த இருபத்திரண்டு வருஷத்துக்காக எரிந்தாள். தன் வாழ்க்கையில் யாருடைய பிழையையும் அவள் சேர்த்து வைத்ததில்லை. வந்த பிழையையெல்லாம் திருத்தித் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது டீச்சர்" என்றாள் எழுந்திருக்கும்போது.

"சொல்லிட்டீங்க. மூணு வாரம் நிக்கப் போறீங்க இல்ல, தீந்துபோச்சு" என்றாள் இவோன்.

மூன்று ஞாயிறு கோட்டை வாசலுக்கு வெளியே நின்றாள். பேச முடியாது, உள்ளே நடப்பதைப் பார்க்க மட்டும் முடியும். தான் இல்லாமல் அவை தடுமாறும் என்று முதல் ஞாயிறு எதிர்பார்த்தாள். தடுமாறவில்லை. அன்றைக்குக் கடல் விழாவை மெரியா தொடங்கிவைத்தாள். பூ மழையில் திரையே தெரியவில்லை. தாமரைச்செல்வி எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்து, மறுபடியும் உட்கார்ந்து பார்த்தாள். இரண்டாவது ஞாயிறு, அவையில் சிலர் எவ்வளவு அழகாகப் பேசுகிறார்கள் என்பதைக் கவனித்தாள். சிங்கப்பூரில் கிரேன் ஓட்டும் நெடுமாறன் என்பவர் கொல்லன் பாத்திரத்தில் இரும்பைப் பற்றி ஐந்து வரி பேசினார். நாலு வருஷமாக அவர் பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். தன் முறை எப்போது வரும் என்று காத்திருந்ததில் அவள் காதில் அது விழவேயில்லை. மூன்றாவது ஞாயிறு அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. கால் மாற்றி மாற்றி உட்கார்ந்திருந்தாள்.

நாலாவது ஞாயிறு வாசல் திறந்தது. தண்டனை முடிந்தவர் பழைய பாத்திரத்திலும் வரலாம், புதிதாகவும் வரலாம். நாச்சியாருக்கு இருக்கை போட்டு வைத்திருந்தார்கள். காவலர் தலைவனாக வெற்றிச்செல்வன் முறைப்படி கேட்டான். "வாசலில் நிற்பவர் யார்? எவ்வூர்? என்ன தொழில்?"

அவள் அந்த இருக்கையை ஒரு தடவை பார்த்தாள். பிறகு தட்டினாள்.

"ஓலை எழுதுபவள். பாகூர்ப் பக்கம். பிறர் எழுதியதில் பிழை பார்த்துப் பார்த்து, ஒரு சொல்லும் எனக்கென்று எழுத வராமல் போனவள். வேலை கிடைக்குமா?"

 நாச்சியார் இனி வரமாட்டாள் என்பது அவையோருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. கொல்லர் முதல் பூவைப் போட்டார். பின்னாலேயே ஐந்தாறு விழுந்தன. 

அதற்குள் மெரியா எழுதிவிட்டாள்: "சொல் வரவில்லையா? எந்த வழியாக வரச் சொன்னீர்கள்? நான் போய்க் கூட்டி வருகிறேன்."

அந்த ஒரு வரிக்குப் பத்தொன்பது பூ. தாமரைச்செல்வி எண்ணிப் பார்த்தாள், வயிறு எரிந்தது, "இந்தப் பொம்பள இருக்காளே" என்று பல்லைக் கடித்தாள். கடித்துக்கொண்டே, ஓலை எழுதுபவள் அதற்கு என்ன பதில் சொல்வாள் என்று யோசிக்கத் தொடங்கினாள்.