அழுக்குப்படாத பக்கங்கள்

நான் முதன்முதலாகத் தட்டி முடித்த தகரப் பெட்டிக்குள் ஒரு புத்தகம் கிடக்கிறது. அதன் முதல் நாலு தாள்கள் வெற்றிலைச் சருகாய் நைந்து, ஓரம் சுருண்டு, விரல் பட்ட இடமெல்லாம் எண்ணெய் ஏறிக் கறுத்திருக்கும். ஐந்தாவது தாளிலிருந்து கடைசி வரைக்கும் நேற்றுத்தான் அச்சுக்கூடத்திலிருந்து வந்தது போல இருக்கும். ஒரு கறை கிடையாது, ஒரு மடிப்புக் கிடையாது. உருதுப் பாடப் புத்தகம். என் அக்காவுடையது. மூன்று வருஷம் அவள் அந்த நாலு தாள்களுக்குள்ளேயே இருந்தாள். பிள்ளைகள் புத்தகத்தைக் கிழித்துவிட்டதாகப் பெற்றவர்கள் குறைப்படும்போதெல்லாம் எனக்குள் ஒன்று எரியும். கிழிந்த புத்தகம் படித்த புத்தகம் ஐயா. புத்தம்புதுசாக இருக்கிற புத்தகத்தைப் பார்த்துத்தான் பயப்பட வேண்டும்.

நான் இரண்டாம் வகுப்பைத் தாண்டாதவன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை, சொல்லிக் காட்டுவேன். ஒரு சுத்தியலும் ஒரு கத்தரியும் வைத்துக்கொண்டு ஆரம்பித்தவன் நான். மதுரையிலிருந்து காலேஜுக்கும் ஹாஸ்டலுக்கும் புறப்பட்ட பிள்ளைகளில் பாதிப் பேர் துணிமணி வைத்துக் கொண்டுபோனது என் பட்டறைப் பெட்டியில்தான். பி.ஏ. படித்தவர்கள் என்னிடம் கைகட்டி நின்று சம்பளம் வாங்கியிருக்கிறார்கள். தமிழ் என் வீட்டுப் பேச்சு. அது போக உருது, தெலுங்கு, சௌராஷ்டிரம் மூன்றிலும் விலை பேசுவேன், சண்டை வந்தால் சண்டையும் போடுவேன். எல்லாம் தெருவில் பொறுக்கியது. இவ்வளவு வந்த எனக்கு அக்காவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் மட்டும் கை ஓட மாட்டேன் என்கிறது. அவள் என்னைவிடப் பத்து மடங்கு கெட்டிக்காரி. இந்த வார்த்தையை வேறு யாரைப் பற்றியும் நான் சொன்னதில்லை, இனியும் சொல்லப் போவதில்லை.

எங்கள் அத்தாவுக்கு வெற்றிலை வியாபாரம். சோழவந்தான் கொடிக்கால்களில் வாங்கி டவுனுக்குள் கொண்டுவந்து விற்பார். நாங்கள் ராவுத்தர் வீட்டுக்காரர்கள், வீட்டில் தமிழைத் தவிர வேறு பேச்சு கிடையாது. ஓதுவதற்கும் தொழுவதற்கும் அரபி, மற்றதெல்லாம் தமிழ். அத்தா பேரம் பேசியதும் தமிழில்தான், அம்மாவிடம் கோபித்துக்கொண்டதும் தமிழில்தான். கூடப்பிறந்த தம்பி மௌத்தான அன்று தரையில் உட்கார்ந்து கதறியதும் தமிழில்தான். ஆனால் நாங்கள் குடிவந்த தெருவில் கௌரவமான வீடுகளெல்லாம் உருது பேசுகிற வீடுகள். அத்தர் வியாபாரம் செய்த பெரியவர் ஒருவர் எதிர் வீட்டில் இருந்தார். நல்ல மனிதர்தான், நாக்கு மட்டும் கொஞ்சம் நீளம். அத்தா கூடையோடு வந்து இறங்கும்போதெல்லாம், “என்ன ராவுத்தரே, கனவுகூடத் தமிழ்லதான் வருமோ?” என்று கேட்டுச் சிரிப்பார். அத்தாவும் கூடச் சேர்ந்து சிரிப்பார். உள்ளே வந்து கூடையைப் பொத்தென்று போடுவார். அதற்கப்புறம்தான் அவர் தலையில் துருக்கித் தொப்பி ஏறியது. கடைக்கு வருகிறவர்களிடம் “அச்சா, அச்சா” என்று தலையாட்டவும் பழகினார். அதற்கு மேல் ஒரு வார்த்தை அவருக்குத் தெரியாது.

அக்கா வெற்றிலையைத் துடைத்து அடுக்கும்போது கை ஒரு வேலை செய்யும், வாய் ஒரு வேலை செய்யும். “பச்சப் பாய விரிச்சு, வெள்ளத் தலகாணி வச்சு, செவப்பாத் துப்புறவன் யாரு சொல்லு?” என்பாள். நான் முழித்தால், “அத்தா வாயப் பாருடா மக்கு” என்று தலையில் தட்டுவாள். அவளாகக் கட்டிய விடுகதை அது. ஒருநாளைக்கு இப்படி நாலு கட்டுவாள். பள்ளிக்கூடத்து வாத்தியாரம்மாவாக வேண்டும் என்பதுதான் அவள் நினைப்பு. எங்கள் பெண்பிள்ளைகள் நன்றாகப் படித்தால் சர்க்காரே உதவிப் பணம் கொடுத்து வாத்தியார் பயிற்சிக்கு அனுப்புகிறது என்று எங்கேயோ கேட்டுக்கொண்டு வந்துவிட்டாள். அன்றிலிருந்து வீட்டுச் சுவரெல்லாம் சுண்ணாம்புக் கோடு.

பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடம் ஒரே கட்டடம்தான். கீழே உருது வகுப்பு, மாடியில் தமிழ் வகுப்பு, நடுவில் பதினோரு படிக்கட்டு. சேர்க்கப் போன அன்று குமாஸ்தா தாய்மொழி என்னவென்று கேட்டார். அத்தா தொப்பியைச் சரிசெய்துகொண்டு “உருது” என்றார். என்னை மட்டும் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் போட்டார். கேட்டதற்கு, “ஆம்பளப் பிள்ளைக்குப் பொழப்பு வேணும், பொம்பளப் பிள்ளைக்குக் கவுரவம் போதும்” என்றார். அந்தக் காலத்தில் அது எனக்கு ஞாயமாகத்தான் பட்டது.

கீழ் வகுப்பு டீச்சரம்மா ஹைதராபாத் பக்கத்திலிருந்து வந்தவர். கெட்டவர் என்று சொல்ல என் நாக்கு வராது. தமிழ் ஒரு சொல் தெரியாமல் இந்த ஊரில் வந்து மாட்டிக்கொண்டவர், அவ்வளவுதான். உருது வீட்டுப் பிள்ளைகளுக்கு அவர் சொன்னதெல்லாம் கரும்பாக இனித்தது. தாய் மடியில் கேட்ட பேச்சில் பாடம் நடந்தால் இனிக்காமல் என்ன செய்யும்? அதே பிள்ளைகளை மாடியில் கொண்டுபோய் உட்கார வைத்திருந்தால் அவர்கள் ஊமையாயிருப்பார்கள். அக்காவுக்கு உருது எழுத்துத் தெரியும். குர்ஆன் ஓதப் பழகினவள், உருதுவுக்கும் அதே அரபி எழுத்துதான் என்பதால் பாதி அங்கேயே கிடைத்துவிட்டது. வரியைக் காட்டினால் ஓசை பிசகாமல் வாசிப்பாள். “மத்லப்?” என்று டீச்சரம்மா கேட்பார். அர்த்தம் என்ன என்று கேட்கிறார் என்பது மட்டும் அவளுக்குப் புரியும். பழைய பாடத்துக்கு அர்த்தம் சொல்லாமல் புதுப் பாடம் கிடையாது. மறுநாளும் அதே தாள், அடுத்த வருஷமும் அதே தாள்.

பள்ளிக்கூடம் விட்டதும் கதை தலைகீழாகிவிடும். தயிர்க்காரியிடமும் காய்காரியிடமும் மாட்டிக்கொண்டு டீச்சரம்மா தவிக்கும்போது அக்காதான் கையாலும் கண்ணாலும் பேசிக் காப்பாற்றுவாள். “எம்புட்டுன்னு கேளுங்க. அம்புட்டு முடியாதுன்னு சொல்லிட்டு நடங்க. அவளே கூப்பிடுவா” என்று நடந்து காட்டிச் சொல்லிக்கொடுப்பாள். ஒருநாள் டீச்சரம்மா தனியாகவே, “எம்புட்டு? அம்புட்டா? போறேன் போ” என்று கூவிக் கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு வந்தபோது அக்கா குதித்த குதி எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. மூன்று வருஷத்தில் டீச்சரம்மா அக்காவிடம் கடைத்தெருத் தமிழைப் படித்து முடித்துவிட்டார். அக்காவோ நாலு தாளைத் தாண்டவில்லை. யார் வாத்தியார், யார் மக்கு என்று நீங்களே சொல்லுங்கள்.

மாடியில் பிள்ளைகள் சேர்ந்து சொல்லும் பாடம் படிக்கட்டு வழியாகக் கீழே இறங்கி வரும். அதையெல்லாம் அக்கா காதிலேயே பிடித்துக்கொண்டு வந்து வீட்டில் ஒப்பிப்பாள். தமிழ் எழுத்தைப் பார்த்தால் தெரியாது, பாடம் மட்டும் தலைகீழாக வரும். என் தமிழ்ப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, “டேய், இதுல அது எங்க இருக்குன்னு காட்டுடா” என்று கெஞ்சுவாள். இரண்டு நாள் காட்டினேன். மூன்றாம் நாள் கோலி விளையாடப் போய்விட்டேன். கொடுத்த தமிழை விட்டுவிட்டு நான் தெருவுக்கு ஓடினேன். கேட்டவளுக்கு அது பதினோரு படி மேலே இருந்தது.

அந்த வருஷம் பள்ளிக்கூடத்தைப் பார்க்க இன்ஸ்பெக்டர் அம்மா வந்தார். தெருப் பெரியவர்களும் பெற்றவர்களும் தாழ்வாரத்தில் நின்றார்கள். அத்தா என்னையும் கூட்டிப் போயிருந்தார், எனக்கு ஏழு வயது. சுவரில் ஒரு படம் மாட்டியிருந்தது, ஒரு ஆள் இரண்டு மாடு பூட்டிக் கிணற்றில் கமலை இறைக்கிற படம். அதில் என்ன நடக்கிறது என்று டீச்சரம்மா உருதில் கேட்டார். அக்கா வாய் திறக்கவில்லை. “இந்தப் பெண் எப்போதும் இப்படித்தான், மந்தம்” என்பது போல டீச்சரம்மா கையை விரித்தார். இன்ஸ்பெக்டர் அம்மா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, “உனக்குத் தெரிஞ்ச மாதிரி சொல்லு பாப்போம்” என்றார். தமிழில்.

மடை திறந்தது போல் ஆகிவிட்டது. “இடது பக்கத்து மாடு கள்ள மாடுங்க. கயிறு தளந்து கெடக்கு பாருங்க, இழுக்கிற மாதிரி நடிக்குது. வலது மாடுதான் பாவம் முக்குது. அது கயிறு அந்து போற மாதிரி இருக்கு, இவரு என்னமோ பாட்டுப் பாடிக்கிட்டு நிக்காரு.” தாழ்வாரமே சிரித்தது. இன்ஸ்பெக்டர் அம்மாவும் சிரித்தார். பிறகு எழுந்து வெளியே வந்து, இந்தப் பிள்ளையின் தகப்பனார் யார் என்று கேட்டார்.

அத்தா முன்னால் போனார். அவருக்குப் பின்னால் அத்தர் பெரியவர் நின்றுகொண்டிருந்தார்.

“உங்க வீட்டுல என்ன பாஷை பேசுறீங்க? தமிழ்னா சொல்லுங்க, இப்பவே மாத்தி எழுதிக் குடுக்கேன். நாளையிலேருந்து பிள்ளை மாடியில உக்காரட்டும். நல்லா வருவா.”

“உருதுதாம்மா. தலமொற தலமொறயா எங்க வீட்டுல உருதுதான்.”

“இப்ப நீங்க எங்கிட்டப் பேசுறது என்ன பாஷை?”

அத்தா ஒரு நிமிஷம் திணறினார். “இது… கடையில பேசுறதும்மா” என்றார்.

வாசற்படியில் அக்கா நின்றாள். அவள் கண் முதலில் அத்தா மேல் இருந்தது, அப்புறம் படிக்கட்டு மேல் போனது, கடைசியில் என் மேல் வந்து நின்றது. இன்ஸ்பெக்டர் அம்மா என் பக்கம் குனிந்தார். “தம்பி, நீ சொல்லு. வீட்டுல எப்படிப் பேசுவீங்க?”

நான் அப்போதே சூட்டிகையானவன். அத்தாவுக்கு என்ன வேண்டும் என்பது அந்தத் திணறலிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. உருது வீட்டுப் பையன்களோடு கோலி ஆடும்போது எண்ணிக்கை படித்திருந்தேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, “ஏக், தோ, தீன், சார்…” என்று தஸ் வரைக்கும் தங்குதடையில்லாமல் சொன்னேன். “ஷாபாஷ்!” என்றார் அத்தர் பெரியவர். இன்ஸ்பெக்டர் அம்மா என்னையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கையிலிருந்த தாளில் எதையோ எழுதினார். நான் பத்து எண்ணினேன், பத்தாவது எண்ணோடு அக்காவின் படிப்பு முடிந்தது.

வழியில் அத்தா எனக்கு அல்வா வாங்கிக் கொடுத்தார். வீட்டில் அக்காவுக்குப் பாதி நீட்டினேன். “நீயே தின்னு. நீதான பாஸாயிருக்க” என்றாள். அப்போது அது எனக்குப் புரியவில்லை. மூன்றாவது வருஷ முடிவில் டீச்சரம்மாவே அத்தாவைக் கூப்பிட்டு, தன் புதுத் தமிழில், “பொண்ணுக்குப் படிப்பு ஏறல” என்று சொன்னாராம். அந்த வாக்கியத்தில் ஒரு பிழையும் இல்லை. அக்கா சொல்லிக்கொடுத்த தமிழ் அல்லவா.

பதினாறு வயதில் அவளைச் சோழவந்தானில் கட்டிக்கொடுத்தார்கள். மாப்பிள்ளை தங்கமானவர், குறை சொல்ல ஒன்றுமில்லை. அதற்குள் அத்தாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷம் அக்கா பேறுகாலத்துக்காக என் வீட்டுக்கு வந்திருந்தாள். நான் அப்போதே சொந்தமாகப் பட்டறை போட்டு இரண்டு ஆள் வைத்து வேலை வாங்கிக்கொண்டிருந்தேன். வாசலில் என் பெயரைப் பெரிதாக எழுதிப் பலகை மாட்டியிருந்தேன். தமிழில்தான் எழுதியிருந்தது, வியாபாரத்துக்கு அதுதானே வேண்டும். ஜனக்கணக்கு எடுக்க ஒரு வாத்தியார் வந்து, பேர், வயசு எல்லாம் கேட்டு எழுதிவிட்டுத் தாய்மொழி என்னவென்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் திரைக்குப் பின்னாலிருந்து அக்கா குரல் வந்தது. “தமிழ்னு எழுதுங்கண்ணே. முன்னாடியே எழுதியிருக்க வேண்டியது.”

வாத்தியார் எழுதிக்கொண்டார். அடுத்த கேள்வி வந்தது. “அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியுமா?”

“உருது வாசிப்பேண்ணே, அர்த்தம் தெரியாது. தமிழ்ல அர்த்தம் எல்லாம் தெரியும், வாசிக்கத் தெரியாது. இதுக்கு ஒங்க தாள்ல எடம் இருக்கா?” என்றாள்.

வாத்தியார் சிரித்துவிட்டார். “தெரியும், தெரியாது ரெண்டுதாம்மா இருக்கு.”

“அப்ப எந்தம்பியக் கேட்டுக்கங்க. எனக்குப் பதிலா அவன் சொல்லிப் பழக்கம்.”

வாத்தியார் பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார். வாசலில் என் பெயர்ப் பலகை இருந்தது, உள்ளே தட்டி முடித்த பெட்டிகள் அடுக்கியிருந்தன. நாலு பாஷையில் சண்டை போடத் தெரிந்த எனக்கு அன்றைக்கு ஒரு சொல்தான் வந்தது. “தெரியாதுன்னு போட்டுக்கங்க” என்றேன். இரண்டாவது தடவையும் அவளுக்கான பதிலை நான்தான் சொன்னேன்.

பிள்ளை பிறந்து ஊருக்குத் திரும்பியபோது இந்தப் புத்தகத்தை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். “நீ பெட்டி செய்றவன்ல, எதுலயாச்சும் போட்டு வையி. எங்கிட்ட இருந்தா எம்பிள்ள கிழிச்சிரும்” என்றாள். இப்போது அவளும் இல்லை. எப்போதாவது பெட்டியைத் திறந்து அந்த ஐந்தாவது தாளைத் தொட்டுப் பார்ப்பேன். அச்சு மை வாசனைகூட முழுசாகப் போகவில்லை. என் விரலில் பட்டறைக் கரி எப்போதும் இருக்கும். அந்தத் தாளில் அது பட்டுவிடக் கூடாது என்று வேட்டியில் துடைத்துக்கொண்டுதான் தொடுகிறேன். அழுக்காக்க வேண்டியவள் விரல் அதில் படவே இல்லை.