வாறுகாலுக்கு மேல் போட்ட சரிவு

பக்கவாதம் வந்த பிறகு என் மனைவியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக, ஒவ்வொரு தடவையும் தெருவில் நாலு ஆண்களைக் கூப்பிட வேண்டியிருந்தது. நாற்காலியோடு தூக்கி, வாசல் படியில் இறக்கி, வீட்டு முன்னால் சாக்கடை ஓடும் வாறுகாலைத் தாண்டி, தெருவில் நிற்கும் வாடகைக் காரில் உட்கார வைப்பார்கள். அடுத்த ஆம்பிளைகள் தூக்குவதில் அவள் கூசிப்போவாள். ஒரு நாள், "இனி நான் வரல" என்று சொல்லிவிட்டாள். பேச்சு குழறினாலும் அது எனக்கு நன்றாக விளங்கியது.

அந்தப் படிகள் நான் கட்டியவைதான். ஆற்றில் பெருவெள்ளம் வந்து வீட்டுக்குள் தண்ணீர் நின்ற பிறகு, தரையையும் முற்றத்தையும் மண்ணடித்து உயர்த்தினேன். தெருவில் எல்லாரும் அப்படித்தான் செய்தோம். தண்ணீர் உள்ளே வரக்கூடாது என்பதைத் தவிர வேறு நினைப்பு இல்லை.

கார் வீட்டு வாசல்வரை வந்துவிட்டால் அவளை நானே கைத்தாங்கலாக ஏற்றிவிடுவேன். கொத்தனாரை வைத்துப் படியை இடித்து, முற்றத்திலிருந்து தெருவுக்குச் சரிவாகக் காங்கிரீட் போட்டேன். வாறுகால் அதற்கு அடியில் போய்விட்டது. அனுமதி என்று ஒன்று வாங்க வேண்டும் என்றே எனக்குத் தெரியாது.

எதிர்வீட்டுக்காரர் வந்து நின்று பார்த்தார். எங்கள் பெருமாள் சப்பரத்தை என்னோடு தோளில் சுமக்கிறவர்.

"என்ன வே, சாமி வார தெருவுல சறுக்கு மேடை கட்டி வச்சிருக்கீரு? சப்பரம் தூக்குதவன் தடுக்கி விழுந்தா பெருமாள் உம்ம முற்றத்துலதான் வந்து உருளுவாரு."

"அவளுக்காகத்தான் வே."

"அது தெரியும். நானுந்தான தூக்குதேன் அவங்கள" என்றார்.

மறுவாரம் மாநகராட்சி ஓவர்சியர் வந்தார். "அண்ணாச்சி, தெருவுல ஒரு அடிகூட நீட்டக் கூடாது. சரிவு உங்க எடத்துக்குள்ளதான் இருக்கணும். வாறுகால் மேல தூக்கி எடுக்கிற மாதிரி சிலாப் போடுங்க. அடைச்சா எங்காளு எங்க கையை விடுவான்?"

நான் சரி என்றேன். கோபமோ வருத்தமோ வரவில்லை. எல்லாம் வேறு யாருக்கோ நடப்பது போல் இருந்தது. மாநகராட்சி ஆட்கள் வந்து போட்டதை உடைத்தார்கள்.

உள்பக்கமாகச் சரிவு எடுப்பதென்றால் முற்றத்தை வெட்ட வேண்டும். நடுவில் துளசி மாடம். காலையும் மாலையும் அவள் விளக்கு வைத்த இடம். கொத்தனார், "நீங்களே கேட்டுச் சொல்லுங்க அண்ணாச்சி, நான் கை வைக்க மாட்டேன்" என்று கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

உள்ளே போய், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து விவரத்தைச் சொன்னேன்.

"வெள்ளிக்கிழமை தொடாதீங்க" என்றாள். பிறகு, "தண்ணி விட்டுட்டு எடுங்க. பைய."

ஒரு வியாழக்கிழமை காலை தண்ணீர் விட்டு, வேர் மண்ணோடு செடியை எடுத்துக் கொல்லைப்பக்கம் வைத்தேன். பெருமாளே என்று வாய் சொன்னது, மனம் அதோடு சேர்ந்து வரவில்லை.

ஓவர்சியர் அளந்து பார்த்து அனுமதி தந்தார். சிலாப் போட்டு, சரிவு காய்ந்ததும், கார் பின்பக்கமாக ஏறி வாசலில் நின்றது. அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு தானே உட்கார்ந்தாள். யாரையும் கூப்பிடவில்லை.

தெரு முனை திரும்பும்போது, "கதவப் பூட்டியாச்சா?" என்று கேட்டாள்.

பூட்டியாச்சு என்றேன்.