மடக்கி வைத்த பச்சை வயர்

மலாக்காவின் தெங்கேரா பகுதியில் வயர்மேன் பிரான்க்ளினைத் தெரியாத பழைய வீடு கிடையாது. வேலைக்கு வந்தால் முதல் அரைமணி நேரம் திட்டுவார். தனக்கு முன்னால் அங்கே கை வைத்தவனைத் திட்டுவார், வீட்டுக்காரரைத் திட்டுவார், ஒன்றும் கிடைக்காவிட்டால் மழையைத் திட்டுவார். அதன் பிறகுதான் கரண்ட் பார்க்கும் டெஸ்ட் பென்னை வெளியே எடுப்பார்.

லூபோக் சீனா பக்கத்து எஸ்டேட்டில் பிறந்தவர். ஆறாம் வகுப்போடு படிப்புக்குக் கும்பிடு போட்டுவிட்டு, மலாக்கா டவுனில் ஒரு சீனக் கண்டிராக்டரிடம் சாமான் பை தூக்கப் போனார். திட்டு வாங்கியே தொழில் கற்றார். மலாய் மொழியில் பரீட்சை எழுதி இரண்டு தடவை கோட்டை விட்டு, மூன்றாம் தடவை லைசென்ஸ் வாங்கினார். ஐம்பத்தாறு வயதிலும் அந்தக் கார்டு சட்டைப்பையில்தான் இருக்கிறது. யாராவது எதிர்த்துப் பேசினால் அதை எடுத்து மேசையில் ‘டப்’பென்று வைப்பார்.

டிசம்பர் மாதம் ஒரு சனிக்கிழமை காலை அக்னஸ் அக்காவிடமிருந்து போன் வந்தது.

“பிரான்க்ளின், புது ஓவன் என்னைத் தூக்கி அடிச்சிருச்சுப்பா. ஈரத் துணியால தொடச்சேன். பட்டன் ஆஃப்லதான் இருந்துச்சு.”

“யாரு மாட்டுனது?”

“ஃபிரெடிதான்.”

“மெயின் சுவிட்ச்ச எறக்குங்க. ஒண்ணையும் தொடாதீங்க, வர்றேன்.”

அக்னஸ் அக்காவுக்கு வயது அறுபத்தேழு. கணவர் ஜார்ஜ் போய்ச் சேர்ந்து ஆறு வருடம் ஆகிறது. கிறிஸ்மஸ் வந்தால் அக்கா ரவையில் போடும் சுகி கேக்குக்காகக் கோயில் சனமே காத்திருக்கும். சமையலறைச் சுவருக்குள் பதித்திருந்த பழைய ஓவன் போன மாதம் பழுதாகிப்போனது. பத்து பெரண்டாம் என்ற ஊரில் ஒரு பாக்டரியில் எஞ்சினியராக இருக்கும் மகன் ஃபிரெடி புதிதாக ஒன்று வாங்கி, அதே குழியில் தானே மாட்டிவிட்டான்.

பிரான்க்ளின் வந்தபோது அக்கா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வலது மணிக்கட்டு வீங்கியிருந்தது. அதிர்ச்சியில் பின்னால் சாய்ந்து மேசை விளிம்பில் இடித்துக்கொண்டிருக்கிறார். அந்த வீக்கத்தைப் பார்த்ததும் பிரான்க்ளினுக்குத் தலைக்குள் கொதித்தது.

“எங்க அந்த எஞ்சினியர்?”

ஃபிரெடி உள்ளே இருந்து வந்தான். “அங்கிள், நான் வீடியோ பாத்து ஸ்டெப் பை ஸ்டெப்பா செஞ்சேன் லா. ஓவன் நல்லா சூடாகுது. அம்மா ஈரக் கையோட தொட்டதுதான் பிரச்சினை.”

“சமையக்கட்டுல ஈரக் கை இல்லாம, ஆபீஸ்லயாடா இருக்கும்? பிடி இந்த டார்ச்சை!”

இருவருமாக ஓவனை வெளியே இழுத்தார்கள். பின்னால் இருந்த இணைப்பைப் பார்த்ததும் பிரான்க்ளினின் குரல் தெரு வரைக்கும் போனது.

“நீலத்தோட நீலத்தக் கட்டியிருக்கியே, எவன்டா சொல்லிக் குடுத்தான்?”

“கலர் மேட்ச் பண்ணேன் அங்கிள். ஓவன்ல நீலம், செவுத்துலயும் நீலம். வீடியோல அப்படித்தான் காட்டுனான்.”

“அந்த வீடியோக்காரன் எந்த ஊரு?”

“இங்கிலாண்ட்.”

“அவன் வீட்டு நீலம் வேற, உங்கம்மா வீட்டு நீலம் வேறடா! இந்த வீட்டுக்கு வர்றது மூணு ஃபேஸ். சிவப்பு, மஞ்சள், நீலம், மூணுலயும் கரண்ட் ஓடும். திரும்பிப் போறது கறுப்புல. ஓவனோட வந்த நீலம் திரும்பிப் போற வயர். நீ கரண்ட்டைப் பின்வாசல் வழியா உள்ள விட்டுட்ட. பட்டனை அணைச்சாலும் உள்ள கரண்ட் நிக்கும், வெளித் தகட்டுக்குக் கசியும். அதான் அக்காவை அடிச்சிருக்கு. எத்தன வருஷம்டா யூனிவர்சிட்டி போன?”

“நாலு.”

“நாலு வருஷமும் பஸ்லயே திரும்பி வந்துட்டியா?”

அக்னஸ் அக்கா வலியோடு சிரித்துவிட்டார். ஃபிரெடிக்கு முகம் சிவந்தது.

“பச்சை எங்க? எர்த் வயர் எங்கடா?”

“செவுத்துல ரெண்டு வயர்தான் இருந்துச்சு அங்கிள். எர்த்தே இல்ல. அதுக்கு நான் என்ன செய்வேன்?”

“எர்த் இல்லாமயா? அது இருந்திருந்தா, கசியுற கரண்ட் தரைக்குப் போயி, நீ செஞ்ச கூத்துக்கு அன்னைக்கே மெயின் டிரிப் ஆகி வீடே இருட்டாயிருக்கும். அக்கா மேல கை வச்சிருக்காது. எந்தப் பாவி எர்த் இல்லாம விட்டான்? அவன் கையில கெடைச்சான்னா, அவனை இந்தக் குழிக்குள்ளயே வச்சுப் பூசிருவேன்!”

சுவர்ப் பெட்டிக்குள் டார்ச்சைக் காட்டி விரலை விட்டார். தூசியும் கரப்பான் முட்டையும் ஒட்டின. மூலையில் ஏதோ தடித்து நின்றது. இழுத்துப் பார்த்தார். பச்சை வயர். நுனியை மடக்கி, மூன்று சுற்று டேப் சுற்றி, உள்ளே தள்ளிவிடப்பட்டிருந்தது. டேப்பின் கடைசி நுனி சின்னக் காது போல மடிந்திருந்தது.

பிரான்க்ளின் அந்தக் காதை நகத்தால் தொட்டுப் பார்த்தார்.

மறுபடி பிரிக்க வேண்டிய வயர் என்றால் அவர் அப்படித்தான் சுற்றுவார். நகத்தால் பிடித்து இழுக்க ஒரு காது. மலாக்காவில் வேறு எந்த வயர்மேனும் அதைச் செய்து அவர் பார்த்ததில்லை.

பதினெட்டு வருடம் ஆகிறது. அதுவும் டிசம்பர்தான். பழைய ஓவனைப் போட்டாலே வீடு முழுக்க டிரிப் ஆனது. “கிறிஸ்மஸ் முடியட்டும்பா, இப்போதைக்கு ஓட்டிக் குடு” என்றார் ஜார்ஜ். பிரான்க்ளின் எர்த்தை மடக்கி வைத்தார். டிரிப் நின்றது. ஜனவரியில் வந்து ஓவனைச் சரிபார்த்து, எர்த்தைத் திரும்ப மாட்டுவதாகச் சொன்னார். ஜனவரி வந்தது. அவர் வரவில்லை.

ஃபிரெடி பக்கவாட்டில் நின்று போனைத் தடவிக்கொண்டிருந்தான். பச்சை வயரைப் பெட்டிக்குள் திரும்பத் தள்ளிவிட்டால் அது யாருக்கும் தெரியப்போவதில்லை. மொத்தப் பழியும் பையன் தலையில் நிற்கும்.

“என்னப்பா, திட்டுறத நிறுத்திட்ட?” என்றார் அக்னஸ் அக்கா.

பிரான்க்ளின் வயரை வெளியே இழுத்துக் காட்டினார். “எர்த் இருக்கு. மடக்கி வச்சது நான்தான்.”

“என்ன சொல்ற?”

“பழைய ஓவன் டிரிப் ஆச்சுல்ல. அப்ப ஜார்ஜ் அண்ணன் கிறிஸ்மஸ் வரைக்கும்...”

“செத்த மனுசனை இழுக்காத!” அக்காவின் குரல் உயர்வதே அபூர்வம். “அவருக்குக் கரண்ட்டைப் பத்தி என்ன தெரியும்? உனக்குத் தெரியும்ல? லைசென்ஸ் உன் பையிலதான இருக்கு? பதினெட்டு வருஷம் இதே தரையில வெறுங்காலோட நின்னு கேக் போட்டேன். என் பேத்தி மெலிசா பொறந்ததுலேர்ந்து இங்கதான் விளையாடுனா. அந்த ஓவன் கதவைப் பிடிச்சுத்தான் நடக்கவே பழகுனா. பிரான்க்ளின்!”

ஃபிரெடி போனைப் பைக்குள் போட்டான்.

“பேசாத. வேலையச் செய்,” என்றார் அக்கா.

செய்தார். பழைய வயரை நம்பாமல் மீட்டர் போர்டிலிருந்து தடித்த புது வயரைத் தனியாக இழுத்தார். ஃபிரெடி ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தான். பிரான்க்ளின் அன்று அவனை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. ஒரு தடவை மட்டும், “எந்த நீலம் எங்க போகுதுன்னு பாத்துக்க,” என்றார். எர்த்தை மாட்டி, இரண்டு முறை மீட்டர் வைத்துப் பார்த்தார். டிரிப் சுவிட்சின் டெஸ்ட் பட்டனை அமுக்கினார். வீடு ‘டக்’கென்று அணைந்தது. திரும்பப் போட்டு ஓவனையும் சூடேற்றினார்.

“தொட்டுப் பாருங்கக்கா. ஒண்ணும் ஆகாது.”

அக்னஸ் அக்கா அசையவில்லை. “மொதல்ல நீ தொடு.”

பிரான்க்ளின் செருப்பைக் கழற்றினார். குழாயில் இரண்டு கைகளையும் நனைத்துக்கொண்டு, ஓவனின் இரும்பு விளிம்பில் உள்ளங்கை முழுவதையும் அழுத்தி வைத்தார். அக்கா சொல்லும்வரை எடுக்கவில்லை. அக்கா வெகுநேரம் சொல்லவுமில்லை.

எப்போதும் வரும் காப்பி அன்று வரவில்லை. சாமான் பையை அள்ளிக்கொண்டு வெளியே வந்தார். வேனில் ஏறி, சாவியைப் போட்டுவிட்டுத் திருப்பாமல் உட்கார்ந்திருந்தார். இத்தனை வருடங்களில் ‘அப்புறம் வர்றேன்’ என்று சொல்லிவிட்டு வந்த வீடுகளை எண்ணிப் பார்த்தார். அதே தெருவிலேயே ஒன்று இருந்தது. சாவியை உருவிக்கொண்டு இறங்கி, நாலு வீடு தள்ளிப் போய் இரும்புக் கதவைத் தட்டினார்.

இந்திராதேவி டீச்சர் எட்டிப் பார்த்தார். “என்ன பிரான்க்ளின், நான் கூப்பிடலையே?”

“தெரியும் டீச்சர்,” என்று எரிந்து விழுந்தார் பிரான்க்ளின். “கதவத் தொறங்க. உங்க வாட்டர் ஹீட்டர நான் பாக்கணும்.”