நாற்பத்திரண்டு நிமிடங்கள்

2009 மே 19, செவ்வாய்க்கிழமை, காலை ஏழு மணி. வெயில் இருந்தது, குளிர்காற்றும் விடவில்லை. ஊரில் போர் முடிந்த செய்தி முந்தின நாள்தான் வந்திருந்தது. அன்று இங்கே பொது விடுமுறை. மறுநாள் ஸ்காபரோவில் எங்கள் அட்டைப்பெட்டித் தொழிற்சாலை வழக்கம்போலத் திறந்தது.

மூன்று வாரங்களாக அங்கே ஒரு போலந்துப் பேராசிரியை வந்துகொண்டிருந்தார். பொருளியல் படித்துவிட்டு, நாற்பது ஆண்டுகளாகத் தொழிலாளரின் வாழ்வை ஆராய்ந்தவர். கேள்விப் படிவங்களை நம்பமாட்டார். "உங்கள் ஒரு நாள் வேலையை உங்கள் கையாலேயே எழுதித் தாருங்கள்" என்பார். எண்ணாமல் படிகூட ஏறாத எனக்கு அது பிடித்த வேலை. அந்தச் செவ்வாயை நிமிடம் பிசகாமல் ஆங்கிலத்தில் எழுதினேன்.

'9.10 முதல் 9.52 வரை பக்கத்து மேசைக்காரர் கழிவறையில் அழுகிறார். வன்னியில் இருக்கும் தங்கையைப் பற்றித் தகவல் இல்லை. அவருடைய பெட்டிகளை நானும் எதிர்மேசைப் பெண்ணும் மடிக்கிறோம். மொத்தத்தில் ஒன்றும் குறையவில்லை.'

வேலை முடிந்ததும் எண்ணிக்கைத் தாளை மேற்பார்வையாளரின் தட்டில் போடுவது வழக்கம். கை தன்பாட்டில் பேராசிரியைக்கு எழுதியதையும் சேர்த்துப் போட்டுவிட்டது.

புதன் காலை மேற்பார்வையாளர் என்னையும் அழுதவரையும் கூப்பிட்டார். அவரும் யாழ்ப்பாணத்தவர்தான்.

"ஏஜென்சியால வந்த தற்காலிக ஆள் சொல்லாமல் லைனை விட்டுப் போனால் வேலையால நிப்பாட்டத்தான் வேணும். உதை நான் கண்டுபிடிக்கேல்லை அங்கிள், நீங்களே எழுதித் தந்திருக்கிறியள்."

அழுதவர் என்னைப் பார்த்தார். "மூக்குச் சிந்தினதை மட்டும் ஏன் அண்ணை விட்டனீங்கள்?"



வாசலால் போன பேராசிரியை, மேசையில் கிடந்த தாளைக் கண்டு உள்ளே வந்தார். "இது எனக்காக எழுதியது. வாசித்தால் முழுவதையும் வாசியுங்கள்" என்று ஆங்கிலத்தில் சொல்லி, 'ஒன்றும் குறையவில்லை' என்ற வரியில் விரலை வைத்தார். பிறகு குரல் தாழ்ந்தது. "எங்கள் ஊரில் போர் முடிந்தபோது எனக்கு ஒன்பது வயது. அன்றும் என் தாய் நெசவாலைக்குப் போனாள். அவள் எவ்வளவு நேரம் அழுதாள் என்று யாரும் எழுதி வைக்கவில்லை."

மேற்பார்வையாளர் அந்த வரியை இன்னொருமுறை வாசித்தார்.

"சரி, ஆள் நிக்கட்டும். நாற்பத்திரண்டு நிமிசத்தை வெட்டுறன்."

"என்ரையில வெட்டுங்கோ" என்றேன்.

அழுதவர் அங்கேயே ஒன்பது வருடங்கள் வேலை செய்தார். அந்தப் பேராசிரியையை நான் இன்றும் நன்றியோடு நினைக்கிறேன். அப்போது என் சம்பளம் மணிக்கு ஒன்பதரை டொலர். வெட்டியது ஆறு டொலர் அறுபத்தைந்து சதம்.