பொட்டுக்குப் பொலிஸ் காவல்

எங்கள் வளவுக்கும் அம்மானின் வளவுக்கும் நடுவே இருந்த வேலியை விசாரிக்க மாகாணத்தை ஆளும் ஏசண்டுத் துரை வருகிறார் என்று தெரிந்த நாளிலிருந்து பள்ளிக்கூடத்தில் எனக்கு மதிப்புக் கூடிவிட்டது. துரை வருவதே பெரிய விஷயம். அவரோடு பொலிசும் வருகிறது, அதுவும் எங்கள் வீட்டுக்காக வருகிறது என்றால் சும்மாவா? என் வகுப்புப் பெண்கள் புளியங்காய் கொண்டுவந்து தந்து விவரம் கேட்டார்கள். எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். மிச்சத்தை நானே நிரப்பிக்கொண்டேன்.

அம்மான் என்பவர் அம்மாவின் தமையன். அவர் கட்டியது அப்பாவின் தங்கையை, அப்பா கட்டியது அவருடைய தங்கையை. மாற்றுக் கலியாணம். எங்கள் பக்கத்தில் வீடு வளவெல்லாம் பெண்ணுக்குத்தான் சீதனமாகப் போகும். ஆண்பிள்ளை தன் உடுபுடவையைச் சுருட்டிக்கொண்டு மனைவி வீட்டுக்குப் போகவேண்டியதுதான். ஆகவே தாலி கட்டிய கையோடு இரண்டு மாப்பிள்ளைகளும் வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இடம் மாறிக்கொண்டார்கள். அப்பா பிறந்த வீட்டில் அம்மான் இருந்தார், அம்மான் பிறந்த வீட்டில் அப்பா இருந்தார். அம்மாவும் மாமியும் பிறந்த இடத்தை விட்டு அசையவேயில்லை. சிறுமிகளாக இருந்த காலத்திலிருந்து அவர்கள் போய்வந்தது வேலியில் இருந்த ஒரு பொட்டு வழியாக.

பொட்டு என்றால் எங்கள் ஊரில் வேலியில் ஆள் குனிந்து நுழைகிற இடைவெளி. நெற்றியில் வைப்பதும் பொட்டுத்தான். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிற ஆள் எங்கள் ஊரில் பிறந்ததில்லை.

வேலியை வருஷத்துக்கு ஒரு தடவை பிரித்து அடைப்பார்கள். ஒரு வருஷம் அப்பா அடைத்தபோது வேலி கொஞ்சம் அந்தப் பக்கம் சாய்ந்தது. மறுவருஷம் அம்மான் அடைத்தபோது இந்தப் பக்கம் நகர்ந்தது. சண்டை முற்றி, வேலியின் தெருத்தலைப்பை இருவரும் போட்டிக்கு நீட்டிக்கொண்டு போனதில் வேலிக்கு நட்ட கதியால்கள் அரசாங்கத் தெருவுக்குள் இறங்கிவிட்டன. விஷயம் துரையின் அலுவலகமான கச்சேரிக்குப் போனது அப்படித்தான். அதன்பின் அப்பாவும் அம்மானும் ஒத்துப்போனது ஒரே ஒரு காரியத்தில். வேலியே வேண்டாம், துரை எல்லையைக் காட்டட்டும், கல்லால் மதில் எழுப்பிவிடுவோம் என்று இருவரும் தனித்தனியே கேட்டிருந்தார்கள்.

மதிலில் பொட்டு இருக்காது. அம்மாவுக்கு உயிர் போனது அதில்தான். ஆண்கள் இருவரும் புகையிலைத் தோட்டத்துக்குப் போன பிறகு கறிச்சட்டியும் கதையும் அந்த வழியாகத்தான் போய்வந்தன. மாமியின் மகள் என்னோடு மாபிள் விளையாட வருவதும் அதன் வழியே. அந்த நாட்களில் அம்மா வீட்டில் அதிகம் பேசவில்லை. அப்பாவின் பக்கத்தில் படுக்கவும் என்னை விடவில்லை. அப்பாவின் தலகணியில் பேன் இருக்கிறது, தன்னோடு வந்து படுக்கும்படி சொல்லிவிட்டார். சண்டைக்காரருக்குத் தண்டனை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

பொலிசு வந்ததற்குக் காரணம் ஊர்ப் பெட்டிசக்காரர். அப்பாவுக்கும் அம்மானுக்கும் கச்சேரிக்குப் பெட்டிசம் எழுதிக் கொடுத்தவர் அவர் ஒருவரே. இரத்த ஆறு பெருக்கெடுத்து ஓடும் என்று எழுதாமல் அவரால் ஒரு பெட்டிசத்தை முடிக்க முடியாது. கோழி களவுபோனதற்கும் அப்படித்தான் எழுதுவார். கச்சேரியில் இதை நம்பிவிட்டார்கள்.

விசாரணை எங்கள் பள்ளிக்கூடத்தில். காலையிலேயே ஒரு சார்ஜனும் பொலிசுக்காரரும் வந்து மண்டபத்தின் நடுவே கயிறு கட்டினார்கள். அப்பாவின் கட்சி வலது வாசலால் வரவேண்டும், அம்மானின் கட்சி இடது வாசலால். சார்ஜன் ஒவ்வொருவரையும் மறித்து எந்தக் கட்சி என்று கேட்டார். முதலில் வந்தவர், அப்பா தனக்கு ஒன்றுவிட்ட தம்பி, அம்மான் தன் மனைவிக்குச் சிறிய தகப்பன், எந்தப் பக்கம் போகட்டும் என்று சார்ஜனிடமே திருப்பிக் கேட்டார். அடுத்தவருக்கும் இதே சிக்கல். வெயில் ஏற ஏற சார்ஜன் விட்டுக்கொடுத்தார். சனம் முழுக்க நிழல் விழுந்த பக்கத்தில் போய் உட்கார்ந்தது. கயிற்றுக்கு மறுபக்கம் வெறுமையாகக் கிடந்தது.

ஆயுதம் எதுவும் உள்ளே போகக்கூடாது என்பது அடுத்த சட்டம். வாசல் வேம்பின் கீழ் ஊன்றுதடி, குடை, ஓலை வாரும் சத்தகம் எல்லாம் குவிந்தன. பாக்குவெட்டிகளையும் பறித்ததில் கிழவர்கள் கொதித்துப் போனார்கள். எல்லைக்குச் சாட்சியாக அப்பா பிடுங்கிக்கொண்டு வந்திருந்த பழைய கதியாலும் அந்தக் குவியலில் சேர்ந்தது. அப்பாவின் இடுப்பில் இருந்து ஒரு கத்தியையும் சார்ஜன் உருவினார். வேலி விஷயமாக வருகிறவன் கத்தி இல்லாமல் வருவானா என்று அப்பா கேட்டார். அம்மானின் இடுப்பிலும் ஒன்று இருந்தது. அவரும் அச்சொட்டாக அதையே கேட்டார். எங்களால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

துரை வந்து உட்கார்ந்ததும் காணிக்காரர் மட்டும் முன்னே வரலாம், மற்றவர்கள் பொலிசுக்குப் பின்னால் நிற்கவேண்டும் என்று கட்டளை பிறந்தது. அப்பாவும் அம்மானும் சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு எழுந்தார்கள். காணி உறுதியில் இருந்த பெயர்களைக் கூப்பிட்டார்கள். இரண்டும் பெண்களின் பெயர்கள். சீதனக் காணி அல்லவா? கூட்டம் கொல்லென்று சிரித்தது. இரண்டு ஆண்களும் பொலிசுக்குப் பின்னால் போய் நின்றார்கள். அம்மாவும் மாமியும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னே போனார்கள். பெண்களைச் சோதிக்கப் பொலிசுக்கு அனுமதி இல்லை. சேலைத் தலைப்பில் தொங்கிக்கொண்டு போன என்னைப் பற்றிச் சட்டத்தில் எதுவும் இருக்கவில்லை.

துரைக்கு மொழிபெயர்க்கிற வழக்கமான முதலியாருக்கு அன்று காய்ச்சல். பதிலுக்கு வந்தவர் மலைநாட்டில் நெடுங்காலம் இருந்துவிட்டு மாற்றலாகி வந்தவர். நல்ல மனிதர். எங்கள் தமிழ்தான் அவருக்குப் புதிது. மதில் கட்டுவது பற்றிக் காணிக்காரர் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டார்.

மாமி மெதுவாகச் சொன்னார். "மதில் என்னத்துக்கு ஐயா? காணி அங்காலை போனால் என்ன, இங்காலை வந்தால் என்ன. எங்களுக்கு எங்கடை பொட்டு இருந்தால் காணும்."

அம்மா தலையைக் குனிந்தபடி நின்றார். நெற்றியை விரலால் ஒரு தரம் தொட்டுக்கொண்டு சொன்னார். "ஓம் ஐயா. உவையள் ரெண்டு பேரும் எங்கடை பொட்டை இல்லாமப் பண்ணப் போகினம். நீங்கள்தான் காப்பாத்த வேணும்."

மண்டபத்தில் நல்ல புழுக்கம். அம்மா வியர்வையைத் துடைக்கிறார் என்று எண்ணினேன்.

புது முதலியாரின் முகம் மாறிவிட்டது. அவர் துரையிடம் இங்கிலீசில் நீளமாக ஏதோ சொன்னார், தன் நெற்றியையும் காட்டினார். துரை பேனையைக் கீழே வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தார், பிறகு அப்பாவையும் அம்மானையும் பார்த்தார். சார்ஜனைக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். தீர்ப்பு இதுதான். மதில் கிடையாது. வேலியில் ஒருவரும் கைவைக்கக்கூடாது. பறித்த கத்திகள் திரும்பிவரா. மறு உத்தரவு வரும்வரை இரு வீட்டு வாசல் படலையிலும் ஒவ்வொரு பொலிசுக்காரர் நிற்பார், வீட்டுக்காரர் போகுமிடமெல்லாம் கூடப் போவார்.

இங்கிலீசு தெரிந்த ஊர்த்தலைவர் விதானையார்தான் பிறகு ஊருக்கு விளக்கம் சொன்னார். இரண்டு பெண்களும் தாலிப் பிச்சை கேட்கிறார்கள், புருஷன்மார் ஒருவரை ஒருவர் கொல்லத் துணிந்துவிட்டார்கள் என்று முதலியார் மொழிபெயர்த்தாராம். துரைக்கு முன்னால் முதலியாரைத் திருத்த விதானையாருக்குத் துணிவு வரவில்லை. சொல்லிச் சொல்லிச் சிரித்தார். எங்கள் ஊர் உரும்பிராய் முழுக்கச் சிரித்தது.

பொலிசு துணைக்கு வந்தால் மனிதன் கைதியைப் போலத் தெரிவான் என்பதை அப்பா மறுநாளே கண்டுகொண்டார். தோட்டத்துக்குப் போனால் பின்னால் பொலிசு, கிணற்றடியில் குளித்தால் துலாவுக்குப் பக்கத்தில் பொலிசு. கள்ளுக்கொட்டிலில் இவரைக் கண்டதும் சனம் கள்ளுப் பிளாவை வைத்துவிட்டு ஓடியது. கொடிகாமத்திலிருந்து ஓர் அத்தை ஒப்பாரியோடு வந்து இறங்கினார். அப்பா வெளியே போவதையே விட்டுவிட்டார். அம்மானும் அங்கே அதே மாதிரி அடைபட்டுக் கிடந்தார். பொலிசுக்காரர் இருவருக்கும் அம்மாவும் மாமியும் போட்டிபோட்டுச் சமைத்தார்கள். எங்கள் படலையில் நின்ற சிங்களப் பொலிசுக்காரர் கூழ் குடிக்கப் பழகி, பலாவிலையை மடித்துக்கொண்டு தானாகவே வந்து குந்துவார்.

ஒரு மத்தியானம் அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. பொலிசு படலையைத்தானே பார்க்கிறது? ஓசைப்படாமல் கொல்லைக்குப் போய்ப் பொட்டுக்குள் தலையை விட்டார். அந்தப் பக்கத்திலிருந்து அம்மானும் அதே நேரம் தலையை விட்டார். மோதிய சத்தம் எனக்குக் கேட்டது. இருவரும் தலையைத் தடவிக்கொண்டார்கள்.

அம்மான்தான் பின்வாங்கி வழிவிட்டார். "வா மச்சான். அவன் படலையிலை நித்திரை."

அப்பா குனிந்து போனார். தான் பிறந்த வீட்டு முருங்கையின் கீழ் உட்கார்ந்து அம்மானின் சுருட்டைப் பற்றவைத்தார். மறுநாள் அம்மான் இங்கே வந்து தான் பிறந்த வீட்டுக் கிணற்றில் தண்ணீர் மொண்டு குடித்தார். பொலிசு திரும்பிப் போகும் நாளில் பொட்டு அகலமாகியிருந்தது. மதில் பேச்சை அதன்பின் யாரும் எடுக்கவில்லை.

முதலியாரின் கதையை நான் ஒரு வாழ்நாள் முழுக்கச் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். கலியாண வீடுகளில் கேட்டு வாங்கிச் சொல்ல வைப்பார்கள். அப்பாவும் அம்மானும் காலமான பிறகு ஒருநாள் அம்மாவுக்கு முன்னாலும் சொன்னேன். அம்மாவும் மாமியும் வெறும் நெற்றியோடு அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்கள். மாமி சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

"முதலியார் பிழையாச் சொல்லேல்லை, பிள்ளை" என்றார். "கொப்பர் அந்தக் கத்தியைத் தலகணிக்குக் கீழை வைச்சுக்கொண்டுதான் படுத்தவர். அங்காலை கொம்மானும் அப்பிடித்தான். நாங்கள் ரெண்டு பேரும் பொட்டடியிலை நிண்டு கதைச்சுப்போட்டுத்தான் துரையிட்டைப் போனனாங்கள்."

சுளகை ஒரு தட்டுத் தட்டிவிட்டு அம்மா மறுபடி புடைக்கத் தொடங்கினார். அப்பாவின் தலகணியில் பேன் ஒருநாளும் இருந்ததில்லை.